சிபாரிசோடு வரும் விருந்தாளிகள்

இருக்க இடங்கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பான் என்பது நம்மவர் பழமொழி. கேட்பவனாயின் குறையில்லை, இல்லையென்று சொல்ல நமக்கும் வாய் உண்டு. கேளாமலே பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, தன்னுடன் வந்த பத்துப் பேருக்கும் இடம் பிடித்துவிடும் விருந்தாளியை என்செய்வது? நம் பிள்ளைகளின் கணினிக்குள் அவ்வாறு வந்து குடியேறும் விருந்தாளிகளைப் பற்றியே இவ்வாரம் எழுதப் புகுகின்றோம்.

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 14ஆந் திகதியோடு, விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கான வழக்கமான பாதுகாப்பு உதவியை மைக்ரோசொப்ற் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அதற்கு அடுத்ததாகிய விண்டோஸ் 11ஐத் தாங்கும் வலு பழைய கணினிகள் பலவற்றுக்கு இல்லை. கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ மாமனோ சித்தியோ பாவித்துவிட்டு அனுப்பிய மடிக்கணினியை வைத்துப் படிக்கும் பிள்ளை, அதைத் தூக்கி எறியவும் முடியாது. புதியது வாங்கவும் முடியாது. இத்தகையோருக்கு லினக்ஸ் கைகொடுக்கின்றது. விலையின்றிக் கிடைக்கின்றது, பழைய இயந்திரத்திலும் தளராமல் ஓடுகின்றது. க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் மாணவர் பயிலவேண்டிய பைதன் மொழியும் அதனுடன் சேர்ந்தே வருகின்றது.

ஆயினும் பெற்றார் சிலர் ஒரு முறைப்பாட்டோடு வருகின்றனர். ஆனையிறவிலும் அதன் சுற்றூர்களிலும் பல வீடுகளில் இணையம் என்பது தந்தையின் கைத்தொலைபேசியே. மாதத்துக்கு இவ்வளவு என்று எண்ணிப் போட்ட டேட்டாவைத்தான் பிள்ளையின் கணினியும் பங்கிட்டுக்கொள்கின்றது. “பாடத்துக்கு வேண்டிய ஒரு சிறு மென்பொருளைத்தான் இறக்கினேன் என்று மகன் சொல்கிறான். போட்ட டேட்டாவில் பெரும்பகுதியைக் காணவில்லை. படம் பார்த்துவிட்டுப் பொய் சொல்கிறானோ?” என்பது அவர்களது ஐயம். பிள்ளை படம் பார்த்திருக்கவும் கூடும். அதை நாம் அறியோம். ஆனால் அவன் சொல்வது முழு உண்மையாக இருப்பதற்கும் இடமுண்டு. ஒரு வீட்டில் தந்தைக்கும் மகனுக்குமிடையே நம்பிக்கை குலைவதற்கு இச்சிறு விஷயம் காரணமாகலாகாது என்பதனாலேயே இதனைச் சற்று விரிவாகக் கூறுகின்றோம்.

பொதியும் அதன் பரிவாரமும்

லினக்ஸ் ஒன்றாயினும் அதனைத் தொகுத்து வழங்குவோர் பலர். அவர்களுள் மூத்தவர்களில் ஒருவர் டெபியன் குழுவினர். 1993ஆம் ஆண்டு இயன் மர்டொக் என்பவர் இதனைத் தொடங்கினார். தம் பெயரையும் டெப்ரா என்னும் தம் காதலியின் பெயரையும் இணைத்து டெபியன் என்று பெயரிட்டார். இன்று பலரும் பாவிக்கும் உபுண்டு, லினக்ஸ் மின்ற் முதலியன இதன் வழிவந்தவையே. தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டில் மாணவருக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது அவற்றில் இடம்பெற்ற பொஸ் லினக்ஸும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

இக்குடும்பத்தில் மென்பொருள்கள் யாவும் பொதிகளாகக் கட்டி வைக்கப்பட்டுள்ளன. 2025 ஓகஸ்ற் மாதம் வெளிவந்த டெபியன் 13இல் ஏறத்தாழ 70,000 பொதிகள் உள்ளன. வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்டால், இணையக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவந்து கணினியில் நிறுவித் தருவதற்கு ‘அப்ட்’ என்றொரு பணியாள் இருக்கின்றான். அவன் மிகவும் உண்மையானவன். கேட்ட பொதியை மட்டும் கொண்டுவருவதில்லை. அதன்மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்து, அதிலே குறித்திருப்பவற்றையும் கூட்டி வருவான். சீட்டில் மூன்று வகைக் குறிப்புகள் உண்டு. அவற்றின் வேறுபாட்டை அறிவதே இவ்விஷயத்தின் உயிர்நிலை.

அதனை விளக்குவதற்கு ஆனையிறவே நல்ல உதாரணம் தருகின்றது. வன்னிப் பெருநிலப்பரப்பையும் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் இணைக்கும் இவ்விடம் அப்பெயர் பெற்ற காரணத்தை மாணவர் அறிவர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் வன்னிக் காடுகளிலே பிடிக்கப்பட்ட ஆனைகள் ஆழமற்ற இந்நீர்ப்பரப்பைக் கடந்து குடாநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. பின்னர் ஊர்காவற்றுறையில் கப்பலேற்றப்பட்டுப் பிற நாடுகளுக்கு விற்கப்பட்டன. அங்ஙனம் வந்த ஆனை ஒன்றை ஒருவர் விலைக்கு வாங்குகின்றார் என்று வைத்துக்கொள்வோம்.

பாகனும் சங்கிலியும் இன்றி ஆனையைக் கொண்டுபோக முடியாது. அவை இன்றியமையாதவை. பொதியின் சீட்டில் இவ்வகை ‘டிப்பென்ஸ்’ எனக் குறிக்கப்படும். நாம் ‘தேவை’ என்போம். ஆனையின் கழுத்தில் கட்டும் மணி வேறு வகை. மணி இல்லாமலும் ஆனை நடக்கும். ஆனால் எதிரே வருபவன் ஒதுங்க அறியமாட்டான். ஆகவே அனுபவமுள்ளவர் மணியையும் வாங்கிக்கொள் என்பர். இவ்வகை ‘ரெக்கமெண்ட்ஸ்’, அதாவது சிபாரிசு. நெற்றிப் பட்டமோ அழகுக்கு மட்டும். விரும்பினால் வாங்கலாம். இது ‘சஜெஸ்ற்ஸ்’, யோசனை என்று வைத்துக்கொள்ளலாம்.

தேவையானவற்றை அப்ட் தவறாமல் கூட்டி வருவான். அதில் நாம் தலையிட இயலாது, தலையிடவும் கூடாது. யோசனைகளைப் பெயர் சொல்லிக் காட்டுவதோடு நின்றுவிடுவான். இடையிலுள்ள சிபாரிசுகளே நமது விருந்தாளிகள். முன்னாளில் அப்ட் இவற்றையும் தானாகக் கொண்டுவருவதில்லை. 2009ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் வெளிவந்த டெபியன் 5.0 முதல், சிபாரிசுகளையும் சேர்த்தே நிறுவுதல் வழமையாயிற்று. அதற்குத் தக்க காரணமும் இருந்தது. மணியின்றி ஆனையை ஓட்டிச் சென்றவர்கள், மென்பொருள் பாதி வேலைதான் செய்கின்றது என்று குறை கூறினர். சிபாரிசு என்பது வழமைக்கு மாறான நிலைமைகளிலன்றி ஏனைய எல்லா இடங்களிலும் கூடவே இருக்கவேண்டியது என்பதே டெபியன் விதிநூல் கூறும் பொருள்.

இங்குதான் நாம் ஒரு கணம் நிற்கவேண்டும். சிபாரிசு செய்தவர் நல்லெண்ணம் உள்ளவர். இதனால் அவருக்குக் காசு ஒன்றும் கிடைப்பதில்லை. ஆனால் அவர் நம் வீட்டைக் கண்டவரல்லர். அளவில்லாத இணையமும் பெரிய வன்தட்டும் உள்ள மேசையிலிருந்து அவர் அச்சீட்டை எழுதியிருக்கலாம். கைத்தொலைபேசியின் டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவிடும் குடும்பமும், 32 கிகாபைற் கொள்ளளவே கொண்ட சிறு மடிக்கணினியும் அவர் கண்முன் இருந்திரா. ஆகையால் அவருடைய சிபாரிசை நாம் மதிக்கவேண்டும். ஆனால் முடிவு நம்முடையது.

பைதன் மாணவனுக்கு வந்த விருந்து

பைதன் கற்கும் மாணவன் ஒருநாள் ‘பிப்’ என்னும் கருவியை நாடுவான். பிறர் எழுதி வைத்த பைதன் நிரற்கூறுகளை வரவழைத்துத் தருவது அது. டெபியனில் அதன் பொதிப் பெயர் பைதன்3-பிப். அப்பொதி மட்டும் ஏறத்தாழ ஒன்றரை மெகாபைற். தேவைகளையும் சேர்த்தாற்கூடச் சில மெகாபைற்றுக்குள் அடங்கிவிடும்.

ஆனால் அதன் சீட்டில் இரண்டு சிபாரிசுகள் உள்ளன. ஒன்று பில்ட்-எசென்சியல், மற்றொன்று பைதன்3-டெவ். முதலாவது தன்னுள் யாதும் இல்லாத ஒரு பெயர்ப் பலகையே. ஆனால் அது சி, சி++ மொழிகளுக்கான தொகுப்பிகளையும், பொதிகளைக் கட்டுவதற்கான கருவிகளையும் தன் தேவைகளாகக் கூறுகின்றது. அக்கருவிகள் தத்தம் சிபாரிசுகளைக் கூறுகின்றன. சி மொழிச் செயற்கூறுகளை விளக்கும் கைந்நூற் பொதியும் இவ்வாறே வந்து சேருகின்றது. சிபாரிசு செய்யப்பட்டவர் கூட்டி வந்தவர், அவர் சிபாரிசு செய்தவர் என்று சங்கிலி நீள்கின்றது. முடிவில் இறக்கவேண்டியது பல பத்து மெகாபைற். வன்தட்டில் பிடிக்கும் இடமோ இருநூறு மெகாபைற்றுக்கும் மேல். பிள்ளை கேட்டது ஒன்றரை மெகாபைற்றுப் பொதியை. அவன் பொய் சொல்லவில்லை என்றது இதனாலேயே.

இவ்விருந்தாளிகள் வீணர்களா என்றால், அல்லர். பைதன் நிரற்கூறுகள் சிலவற்றில் சி மொழியில் எழுதிய பகுதிகள் உண்டு. அவற்றை நம் கணினியிலேயே தொகுக்க நேர்ந்தால் இக்கருவிகள் வேண்டும். ஆனால் பள்ளி மாணவன் நாடும் நிரற்கூறுகளிற் பல முழுவதும் பைதனில் எழுதப்பட்டவை. அல்லது முன்னரே தொகுத்து ஆயத்தமாக வைக்கப்பட்டவை. அவனுக்கு இன்று இக்கருவிகள் வேண்டியதில்லை. நாளை வேண்டுமாயின் நாளை அழைத்துக்கொள்ளலாம்.

வாசலிலே கேட்கும் கேள்வி

அப்ட் ஒரு திருடனைப்போற் கள்ளமாகக் கூட்டி வருவதில்லை என்பதைச் சொல்லியாகவேண்டும். வேலையைத் தொடங்குமுன் திரையிலே முழு விபரமும் எழுதிக்காட்டுவான். கூடுதலாக வரும் பொதிகளின் பட்டியல், இறக்கவேண்டிய அளவு, வன்தட்டிற் பிடிக்கும் இடம் ஆகிய மூன்றையும் கூறி, “தொடரலாமா?” என்று கேட்பான். பிள்ளைகள் அதனைப் படிக்காமலே என்ரர் விசையைத் தட்டிவிடுகின்றனர். கேள்வியின் ஈற்றிலே ‘வை’ என்ற ஆங்கில எழுத்துப் பெரிதாகவும் ‘என்’ என்பது சிறிதாகவும் இருப்பதைக் கவனியுங்கள். பெரிய எழுத்து, ஒன்றும் சொல்லாது என்ரர் விசையைத் தட்டினால் எடுத்துக்கொள்ளப்படும் விடையாகும். அதாவது மௌனம் சம்மதம்.

இன்னுமொரு நுட்பம். நாம் பெயர் சொன்ன பொதிகளுக்குமேல் வேறெதுவும் வரவேண்டியதில்லையாயின், நிறுவும்போது அப்ட் இக்கேள்வியைக் கேட்பதே இல்லை. ஆகவே கேள்வி எழுந்தாலே, அழையாத யாரோ வாசலில் நிற்கின்றார் என்று தெரிந்துகொள்ளலாம்.

இனி, வாசலில் மறிக்கும் வழிகளைக் கூறுவோம். கட்டளைகளை ஆங்கில எழுத்திலேயே தட்டச்சுச் செய்தல் வேண்டும். இங்கே அவற்றின் ஒலியை மட்டும் தருகின்றோம்.

முதலாவது வழி, அந்த ஒரு தடவைக்கு மட்டும் சிபாரிசுகளை மறுப்பது. ‘அப்ட் இன்ஸ்டோல்’ என்றெழுதி, இரண்டு சிறு கோடுகள் இட்டு, ‘நோ-இன்ஸ்டோல்-ரெக்கமெண்ட்ஸ்’ என்று சேர்த்து, அதன்பின் பொதியின் பெயரை எழுதுக. அப்போது தேவைகள் மட்டுமே வரும். மறுக்கப்பட்ட சிபாரிசுகளின் பெயர்களும் திரையில் ஒரு தனிப் பட்டியலாகத் தோன்றும். அப்பட்டியலைப் படித்து, அவற்றுள் வேண்டியது இருந்தால் அதன் பெயரையும் கட்டளையிற் சேர்த்து எழுதலாம். நாம் பெரிதும் விரும்புவது இவ்வழியையே. ஏனெனில் இது மாணவனைப் படிக்கவைக்கின்றது.

இரண்டாவது வழி, ஒருவரை மட்டும் மறிப்பது. ஏனைய சிபாரிசுகள் வரலாம், இன்னது மட்டும் வேண்டாம் என்றால், வேண்டாததின் பெயரைக் கட்டளையின் ஈற்றில் எழுதி, அப்பெயரோடு ஒட்டி ஒரு சிறு கோடு இடுக. அக்கோடு ‘இவருக்கு இடமில்லை’ என்பதன் அடையாளம். ஆனால் அப்பொதி முன்னரே கணினியில் இருந்தால் இக்கோடு அதனை அகற்றிவிடும் என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது வழி, நிரந்தரமாக வழமையை மாற்றுவது. அப்ட்டின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் அடைவிலே புதிதாக ஒரு சிறு கோப்பை ஆக்கி, ‘இன்ஸ்டோல்-ரெக்கமெண்ட்ஸ்’ என்னும் அமைப்பின் பெறுமானத்தைப் ‘போல்ஸ்’, அதாவது பொய், என்று எழுதிவைத்தால், அன்று முதல் எச்சிபாரிசும் தானாக வராது. அனுபவமுள்ளவர்களுக்கு இது சௌகரியம். தொடக்கநிலை மாணவருக்கு இதனை நாம் கூறமாட்டோம். மணி, பட்டம் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மறுத்துவிட்டு, பின்னர் ஒன்று வேலை செய்யாதபோது காரணம் தெரியாமல் தவிக்க நேரும்.

பிற குடும்பங்களைச் சேர்ந்த லினக்ஸ் பாவிப்போருக்கும் இவ்வழி உண்டு. பெடோராவில் ‘டி.என்.எப்.’ என்னும் பணியாளின் அமைப்பிலே ‘இன்ஸ்டோல் வீக் டெப்ஸ்’ என்பதைப் பொய் என்றாக்கலாம். ஓப்பன் சூசேயில் ‘சிப்பர்’ கட்டளையோடு ‘நோ-ரெக்கமெண்ட்ஸ்’ என்று சேர்த்துக்கொள்ளலாம்.

முன்னரே வந்துவிட்டவர்களை அனுப்புவது

இதுவரை கூறியவை இனி வரப்போகின்றவர்களைப் பற்றியவை. ஏற்கெனவே உள்ளே வந்து பாய் விரித்தவர்களை என்செய்வது?

முதலில் யார் யார் வந்தனர் என்று அறியவேண்டும். அப்ட் ஒரு நாட்குறிப்பு எழுதிவருகின்றான். கணினியின் பதிவேடுகள் உள்ள அடைவிலே, அவன் பெயராலான உள்ளடைவில், ‘ஹிஸ்ரி’ என்னும் பெயரோடு அது இருக்கும். எந்நாளில் எக்கட்டளையால் எப்பொதிகள் வந்தன என்பதெல்லாம் அதிலே வரிசையாகக் காணலாம். நாம் கேட்காமல் வந்தவற்றின் பக்கத்தில் ‘ஓட்டோமற்றிக்’ என்று குறித்திருக்கும். தந்தையார் ஐயம் தீர்க்க விரும்பினால் இந்நாட்குறிப்பைக் காட்டச் சொல்லலாம்.

வந்தவரை அழைத்தவர் யார் என்று அறிவதற்கு ‘அப்ரிரியூட்’ என்னும் கருவியிலே ‘வை’ என்றொரு கட்டளை உண்டு. ‘ஏன்’ என்பதே அவ்வாங்கிலச் சொல்லின் பொருள். பொதியின் பெயரோடு அதைக் கேட்டால், இன்னார் சிபாரிசால் இன்னார் வந்தார் என்ற வழியை அது எழுதிக்காட்டும். இக்கருவி பல கணினிகளில் முன்னரே இராது. தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும்.

சிபாரிசால் மட்டும் வந்த பொதியை ‘அப்ட் ரிமூவ்’ என்ற கட்டளையால் அகற்றலாம். சிபாரிசு செய்த பொதி அதனாற் போய்விடாது. மணியைக் கழற்றினால் ஆனை ஓடிவிடாதல்லவா? அதன் பின்னர் ‘அப்ட் ஓட்டோரிமூவ்’ என்ற கட்டளையை இட்டால், இனி யாருக்கும் வேண்டாதவையாய் எஞ்சி நிற்கும் பொதிகளைத் திரட்டிக்காட்டி, அனுமதி கேட்டு அகற்றும். ஆனையிறவு உப்பளத்திலே உப்பு விளைந்த பின்னர் எஞ்சிய கசப்பு நீரை வடித்துவிடுவது போன்ற வேலை இது.

மாணவர் பலர் இடறுவது இவ்விடத்திலேதான். சிபாரிசுகளை முதலில் அகற்றாமல், ஓட்டோரிமூவ் கட்டளையை மட்டும் இட்டுவிட்டு, “ஒன்றும் போகவில்லையே” என்று மயங்குவர். காரணம் இது: சிபாரிசு செய்தவர் வீட்டில் இருக்குமட்டும், அவர் கூட்டி வந்தவரை அப்ட் வேண்டாதவராகக் கருதுவதில்லை. பிப் இருக்கும்வரை பில்ட்-எசென்சியலும் பைதன்3-டெவ்வும் அவன் கணக்கில் வீட்டுக்கு உரியவையே. ஆகவே அவ்விரண்டையும் முதலில் நாமே பெயர் சொல்லி அகற்றல் வேண்டும். அவை போனபின் ஓட்டோரிமூவ் இட்டால், அவற்றின் வால்பிடித்து வந்த தொகுப்பிகளும் பிறவும் பெரும்பாலும் வெளியேறும்.

அகற்றும்போதும் திரையிலே பட்டியல் தோன்றும். நிறுவும்போது காட்டும் கவனத்தைப் போல் இருமடங்கு கவனம் அப்போது வேண்டும். நாம் அறியாத பெயர்கள் நீளமாக வருமாயின் ‘என்’ எழுத்தைத் தட்டி விலகிக்கொள்வதே அறிவுடைமை. கட்டளையோடு ஒரு கோடும் ‘எஸ்’ என்ற எழுத்தும் சேர்த்தால், அப்ட் செய்வதுபோல் நடித்துக் காட்டுவானேயன்றி எதனையும் தொடான். இந்த ஒத்திகைக்குக் காசும் இல்லை, கேடும் இல்லை.

மணியைக் கழற்றியவன் பட்ட பாடு

சிக்கனத்தைக் கற்பித்தவர்கள் கருமித்தனத்தின் கேட்டையும் கற்பித்தல் வேண்டும். சிபாரிசு என்றாலே அனாவசியம் என்று எண்ணிக் கண்டபடி அகற்றத் தொடங்கினால், சேமித்த டேட்டாவிலும் பெரிய நட்டம் வரும். இரண்டு உதாரணங்கள் கூறுவோம்.

லினக்ஸ் கணினிகள் பலவற்றில் இணையத் தொடர்பை ஏற்படுத்துவது நெற்வேர்க்-மனேஜர் என்னும் பொதி. அதன் சிபாரிசுகளுள் மோடம்-மனேஜர் என்பது ஒன்று. வீட்டுக்குக் கம்பி வழியாகவோ வை-பை வழியாகவோ இணையம் பெறுபவருக்கு அது வேண்டியதில்லை. கைத்தொலைபேசியின் இணையத்தைப் பகிர்ந்துகொள்பவருக்கும் வேண்டியதில்லை. ஆனால் சிம் அட்டை இட்ட டொங்கிளைக் கணினியிற் செருகி இணையத்தோடு இணைபவருக்கு அதுவே வாசற் கதவு. மாணவன் ஒருவன் வீட்டு வேலைபோலத் துப்புரவு செய்யப் புகுந்து அதனை அகற்றிவிட்டான் என்று கொள்க. அடுத்த முறை டொங்கிளைச் செருகும்போது இணையம் இல்லை. மீண்டும் அப்பொதியை நிறுவலாமே என்றால், அதை இறக்குவதற்கு இணையம் வேண்டும்! பெட்டியின் திறப்பைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். அயல்வீட்டுக் கைத்தொலைபேசியை இரவல் வாங்கினாலன்றி மீட்சியில்லை.

மற்றது சி.ஏ.-சேட்டிபிகேற்ஸ் என்னும் பொதி. இணையத்தில் நாம் தொடர்பு கொள்ளும் தளம் உண்மையானதுதானா, நடுவழியில் எவரேனும் வேடமிட்டு நிற்கின்றனரா என்று சோதிப்பதற்கு வேண்டிய சான்றிதழ்க் கோவை இது. வலையிலிருந்து கோப்புகளை இறக்கும் ‘டபிள்யூ-கெற்’, நிரல் எழுதுவோர் பாவிக்கும் ‘கிற்’ ஆகியவை இதனைச் சிபாரிசே செய்கின்றன. தேவை என்று கூறவில்லை. புதிதாக நிறுவிய சிறிய முறைமையொன்றிற் சிபாரிசுகளை மறுத்து ‘கிற்’ கருவியை மட்டும் நிறுவினால், பாதுகாப்பான தளங்களைத் தொடும்போது சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை என்று அது மறுத்துவிடும். இதனினும் பெரிய கேடு அதன் பின்னரே வருகின்றது. காரணம் அறியாதவர் சிலர், சரிபார்க்கும் வேலையையே நிறுத்திவிடுமாறு ஆலோசனை கூறுவர். சில நூறு கிலோபைற்றுகளை மிச்சம் பிடிக்கப்போய், வாயிற்காவலனை வேலையிலிருந்து நிறுத்துவதாக அது முடியும். அவ்வாலோசனையை ஏற்றல் கூடாது. அப்பொதியை நிறுவிக்கொள்வதே தக்கது.

ஆகவே அகற்றுமுன் ஒவ்வொரு பொதியைப் பற்றியும் இரண்டு கேள்விகள் கேட்டல் வேண்டும். இது என்ன வேலை செய்கின்றது? அவ்வேலை எனக்கு வேண்டுமா? முதற் கேள்விக்கு ‘அப்ட் ஷோ’ என்ற கட்டளை விடை தரும். பொதியின் விளக்கமும், தேவை, சிபாரிசு, யோசனை என்ற மூவகைப் பட்டியலும் அதிலே உள்ளன. இரண்டாம் கேள்விக்கு விடை நம்மிடமே இருக்கின்றது. முதற் கேள்விக்கு விடை தெரியாதவரை இரண்டாவதற்குப் போகாதிருத்தல் நலம்.

திரும்பத் திரும்ப வருபவர்

சில விருந்தாளிகள் எத்தனை முறை அனுப்பினாலும், மேம்படுத்தல் நடக்கும்போதோ வேறொரு பொதியைப் பற்றிக்கொண்டோ மறுபடியும் வருவர். அவர்களுக்கென அப்ட்டிடம் ஒரு மறியற் சீட்டு உண்டு. விருப்பங்களைக் குறிக்கும் அடைவிலே ஒரு சிறு கோப்பு எழுதி, அப்பொதிக்கு முன்னுரிமை எண்ணாக ஒரு மறை எண்ணை, அதாவது பூச்சியத்திற் குறைந்த எண்ணைக் கொடுத்துவிட்டால், அச்சீட்டு இருக்குமட்டும் அப்பொதி வராது.

இதனைப் பெரிய அளவிலே செய்துகாட்டியவர்கள் லினக்ஸ் மின்ற் குழுவினர். உபுண்டு 20.04 பதிப்பிலே குரோமியம் என்னும் உலாவியை அப்ட் மூலம் கேட்டால், உலாவிப் பொதிக்குப் பதிலாக ‘ஸ்னப்’ என்னும் வேறொரு விநியோக முறையும் அதன் வழியாக உலாவியும் வந்து சேர்ந்தன. பாவிப்பவர் கேட்டது ஒன்று, கிடைத்தது மற்றொன்று என்று மின்ற் குழுவினர் கருதினர். 2020ஆம் ஆண்டு யூன் மாதம் அவர்கள் வெளியிட்ட மின்ற் 20 பதிப்பிலே, அம்முறையை நிறுவும் பொதிக்கு மறை எண் கொடுத்து மறியற் சீட்டை முன்கூட்டியே எழுதிவைத்தனர். வேண்டுவோர் அச்சீட்டை நீக்கிவிட்டு அதனைப் பெறலாம் என்று வழியும் கூறினர். உபுண்டுக்காரர் பக்கத்திலும் நியாயங்கள் உண்டு. அவ்வழக்கிலே தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. யாரிடம் அனுமதி பெறவேண்டும் என்ற கேள்விக்கு, கணினிக்கு உரியவரிடமே என்று மின்ற் குழுவினர் விடை கூறியது நமக்கு உவப்பானது.

பெற்றாருக்கும் மாணவருக்கும்

பெற்றாருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை புதிய பொதியை நிறுவும்போது ஒருமுறை பக்கத்தில் அமருங்கள். ஆங்கிலம் தெரியவேண்டும் என்பதில்லை. திரையிலே தோன்றும் மெகாபைற் எண்ணை மட்டும் பாருங்கள். “இவ்வளவும் ஏன்?” என்று கேளுங்கள். ஏசுவதற்காக அன்று, அவன் விளக்கிச் சொல்வதற்காக. பிறருக்கு விளக்கிச் சொல்லும்போதே தான் அறிந்ததும் அறியாததும் ஒருவனுக்குத் தெரியவருகின்றன என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ளோர் நாள்தோறும் காண்கின்றோம்.

மாணவருக்கும் ஒரு வார்த்தை. ஒரு கொப்பியிலே மூன்று நிரல்கள் வரையுங்கள். நான் கேட்ட பொதி, அது கூட்டி வந்தவை, அவற்றின் வேலை என்று தலைப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒரு தவணைக்காலம் இதனை எழுதிவந்தால், உங்கள் கணினிக்குள் யார் யார் வசிக்கின்றனர், ஏன் வசிக்கின்றனர் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். பரீட்சையில் இக்கேள்வி வராமற் போகலாம். ஆனால் பிறர் செய்யும் சிபாரிசைப் படித்து, வேண்டியதை ஏற்று, வேண்டாததை மரியாதையோடு மறுக்கும் பழக்கம் கணினியோடு நின்றுவிடுவதில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும், கடன் பத்திரத்தில் ஒப்பமிடும்போதும் அப்பழக்கம் கூடவே வரும்.

எனவே அடுத்த முறை திரையிலே “தொடரலாமா?” என்ற கேள்வி எழும்போது, விரலை என்ரர் விசையிலிருந்து சற்று எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழாகப் படியுங்கள். வருகிறவர்கள் யாரென்று தெரிந்தபின் கதவைத் திறப்பதா, சாத்துவதா என்பது உங்கள் விருப்பம்.